ஏழுமலைக்குத் துணி போட்டாச்சா

கண்ணாடிக் கட்டிடத்துக்கும் பதினோராம் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற சந்தில், ஒன்பதாவது மாடி உயரத்தில், ஏழுமலை மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்வது அல்ல, நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி துடைக்கிறவர்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு உட்காருகிற பலகையின் மேல் உட்கார்ந்தபடி, கையில் ரப்பர் துடைப்பானும் தலையில் ஆரஞ்சு ஹெல்மெட்டுமாக, கயிறு மட்டும் இல்லாமல், காற்று போகிற வழியெல்லாம் போய்க்கொண்டிருந்தார், அவருக்குக் கொஞ்சம் பின்னால் அவருடைய சோப்புத் தண்ணீர் வாளியும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கண் திறந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

அவர் மகள் சங்கவிக்குப் பதினேழு வயது. அன்றைக்கு என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். கயிறு அறுந்தது, காற்று அடித்தது, அப்பா விழவில்லை. அவ்வளவுதான். ஏன் விழவில்லை என்று கேட்டால், "விழுந்திருந்தா மட்டும் ஏன் விழுந்தாருன்னு கேட்டிருப்பியா?" என்பாள், கேட்டவர் போய்விடுவார்.

முதல் வாரம் தீயணைப்பு வண்டி வந்தது, ஏணி எட்டவில்லை. டிவிக்காரர்கள் வந்தார்கள், அடுத்த வாரம் வேறு எங்கேயோ வெள்ளம் வந்ததால் போய்விட்டார்கள். கண்ணாடி துடைக்கும் வேலைக்கு ஆள் எடுத்த மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்து, கயிற்றில் இல்லாத ஆள் வேலையில் இருப்பதாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பிளாக்கில் இருந்தவர்கள்தான் மிச்சம். ஆற்றோரத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்தப் பதினாலு மாடியில் கொட்டப்பட்டவர்கள் அவர்கள். லிஃப்ட் ஓடாததற்குப் பழகினார்கள், தண்ணீர் வராததற்குப் பழகினார்கள், ஏழுமலைக்கும் பழகினார்கள்.

பழகினது எப்படியென்றால், மாலை வெயில் கண்ணாடிக் கட்டிடத்தின் ஓரமாக உள்ளே நுழைகிற கொஞ்ச நேரத்துக்கு ஏழுமலையின் நிழல் ஒவ்வொரு சன்னலாகக் கடந்துபோகும், சாப்பிடுகிறவர் தட்டின் மேலும் தூங்குகிற குழந்தையின் முகத்தின் மேலும் டிவி திரையின் மேலும் கடந்துபோகும், அந்த நேரத்தில் யாரும் சண்டை போடுவதில்லை என்று ஆனது, பொய் சொல்வதில்லை என்று ஆனது, பொண்ணு பார்க்க வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் காபி கொடுப்பதில்லை என்று ஆனது. நிழல் போனதும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்துக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டு வருகிற குட்டி டிரோன்கள் அந்தச் சந்துக்குள் வந்தால் காற்றில் மாட்டி அவரோடு சேர்ந்து நாலு சுற்று சுற்றிவிட்டு கீழே சந்தில் இருந்த மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல் விழும். கண்ணாடிக் கட்டிடத்துக்காரர்கள் கேட்ட பிரியாணி முதல் வருஷம் பூராவும் பிளாக்கில்தான் வெந்தது மாதிரி மணத்தது. யாராவது ஒரு கைப்பிடி எடுத்து சன்னலில் வைத்து, "ஏழுமலைண்ணே, உன் புண்ணியம்" என்பார்கள். அப்புறம் டிரோன்கள் சந்தை விட்டுச் சுற்றுவழியில் போகக் கற்றுக்கொண்டன. பிரியாணி நின்றது.

துணிதான் முக்கியமான விஷயம். ஆடி மாசத்தில் ஒருநாள் காற்று பேயாக அடித்தது, ஏழுமலை ராட்டினம் மாதிரி சுற்றினார். அன்றைக்கு எட்டாவது மாடி குணசுந்தரி, பிளாக் சங்கத் தலைவி, வாயாடி, மூன்று நாள் துணியைத் துவைத்து சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கம்பியில் போட்டாள், பக்கத்து வீட்டிலும் போட்டார்கள், மேலேயும் போட்டார்கள், ஏழுமலையின் சுற்று நிதானமாகிவிட்டது. கீழே நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து துணி காய்ந்தாலும் காயாவிட்டாலும், துவைத்ததோ துவைக்காததோ, கடல்காற்று கிளம்புகிற மத்தியான நேரத்துக்கு வீட்டுக்கு ஒரு புடவையாவது போர்வையாவது அந்தப் பக்கக் கம்பியில் தொங்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு பழைய லுங்கியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாடிப்படியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் வணக்கம், சௌக்கியமா எதுவும் கிடையாது.

"ஏழுமலைக்குத் துணி போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

அவ்வளவுதான்.

சங்கவியின் அம்மா லோகநாயகி தினமும் பிளாக்கின் ஒன்பதாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக் கம்பியில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பொட்டு வைத்துக்கொள்வாள், பூ வைத்துக்கொள்வாள், கல்யாண வீட்டில் யாராவது தயங்கினால் தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள். மண்ணில் கால் படாத ஆளுக்குக் காரியம் பண்ண முடியாது, காரியம் பண்ணாதவரை அவர் வீட்டுக்காரர்தான். மூன்று வருஷம் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் கீழே இறங்கினால் என்ன ஆவார் என்று பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னது சங்கவி மட்டும்தான்.

"எறங்கட்டும்மா. எத்தன நாளிக்கு மேலயே கீறது."

"உனுக்கு இன்னாடி அவ்ளோ அவசரம்?"

"அவசரமா? மூணு வருஷம் ஆவுது. எங்கப்பா இன்னா கொடியா, ஏத்தி வெச்சி பாத்துகினே கீறதுக்கு?"

லோகநாயகி தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள்.

சங்கவி பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பிளாக்கில் பல காரணம் சொன்னார்கள். பையன் என்றார்கள், கணக்கு வராது என்றார்கள். உண்மை வேறு. ஏழுமலையின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: கயிற்றில் தொங்குகிறவர் ஒரு மாடியைத் துடைத்து முடித்ததும், கட்டிடத்துக்குள்ளே அந்த மாடியில் நிற்கிற ஆள் கண்ணாடியில் ரெண்டு தட்டு தட்ட வேண்டும். பாத்துட்டேன், எறங்கு என்று அர்த்தம். தட்டாமல் இறங்கக்கூடாது, கீழே என்ன இருக்கிறது, கயிறு எப்படி இருக்கிறது என்று தொங்குகிறவருக்குத் தெரியாது, தட்டுகிறவருக்குத்தான் தெரியும். ஏழுமலை அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் படிக்க வராது. சங்கவி பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒரு வரியை முடித்ததும் தரையில் ரெண்டு தட்டு தட்டுவார். "பாத்துட்டேன், எறங்கு." அவள் அடுத்த வரிக்கு இறங்குவாள். ஒண்ணாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் எழுதினாள், பரீட்சையில்கூட அந்தத் தட்டு அவள் காதில் கேட்கும். அவர் மேலே போனபிறகு ஒரு வரி எழுதி முடித்து அதன் கடைசியிலேயே உட்கார்ந்திருந்தாள், மணி அடித்தது, பரீட்சைத் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். இதை எந்த டீச்சரிடம் போய்ச் சொல்வது? விட்டுவிட்டாள். ஒரு கடையில் பார்சல் கட்டுகிற வேலைக்குப் போனாள்.

அப்புறம் ஏர் டாக்ஸி வந்தது.

கண்ணாடிக் கட்டிடத்தின் பதினைந்தாவது மாடியில், சந்தைப் பார்த்து ஒரு மேடை நீட்டிக்கொண்டு முளைத்தது. அதில் வந்து இறங்குமாம், விமான நிலையத்திலிருந்து பறந்தே வருமாம், றெக்கை எட்டு இருக்குமாம். இறக்குவதற்கு முன்னால் காற்றை அளக்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஃபைசல் என்கிற இஞ்சினியர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் மூன்று பேனா. பிளாக்கின் மொட்டைமாடியில் காற்றாடி மாதிரி ஒரு கருவியை நட்டு, மாசக்கணக்காக வந்து வந்து அளந்தார். வந்த முதல் நாள் மொட்டைமாடி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தார், ஏழுமலை வந்தார், ஃபைசல் நெஞ்சில் கைவைத்து லேசாகக் குனிந்தார். அதைப் பார்த்த லோகநாயகிக்கு அவரைப் பிடித்துப்போனது. டீ கொடுத்தனுப்பினாள்.

டீ கொண்டுபோன சங்கவியிடம் அவர் கேட்டார், "உங்கப்பா எத்தனை கிலோ இருப்பாரு?"

"இன்னா சார், கசாப்புக் கடையா?"

"சாரி. காத்துக் கணக்குக்குக் கேட்டேன்."

"அறுவது இருப்பாரு. போவும்போது. இப்ப தெரியல."

அவர் கையை வைத்தே காட்டினார். கடலிலிருந்து வருகிற காற்று பிளாக்கைத் தாண்டிப் போய் அந்த உயரமான கட்டிடத்தின் நெஞ்சில் மோதுகிறது, பாதி மேலே போகிறது, பாதி கண்ணாடியோடு வழுக்கி இறங்குகிறது, இறங்கினது பிளாக் சுவரில் முட்டித் திரும்ப மேலே ஏறுகிறது. அதுதான் சுற்றுகிறது. சின்ன டிரோனைத் தூக்கிப் போடும், பெரிய வண்டியைக்கூட இழுத்துப் பார்க்கும். ஆனால் அளந்த வரைக்கும் பயமில்லை, வண்டி தாங்கும்.

"அப்ப எங்கப்பாவ பிடிச்சிகினு கீறதும் அதான?"

ஃபைசல் டீயைக் கீழே வைத்தார். "விடியக்காலைல காத்து சுத்தமா இல்லாதப்ப அவர் என்ன பண்றாரு?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடியற்காலையில் காற்று படுத்துவிடும். அப்போது ஏழுமலை கண்ணாடிக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடிக்கு எதிரே போய், கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே இருக்கிறவர்கள் முதல் வாரமே மூடிவிட்டார்கள்.

"விழல இல்ல? அப்ப பிடிச்சு வெச்சிருக்கிறது காத்து இல்ல."

"பின்ன இன்னாது?"

"தெரியல. அது நான் படிச்ச படிப்புல இல்ல," என்றார் ஃபைசல், டீயை எடுத்துக்கொண்டார்.

வண்டி முதன்முதலாக வந்து இறங்கப்போகிற நாளைக் குறித்தார்கள். மந்திரி வருகிறார், டிவி வருகிறது, வண்டியில் ஓட்டுகிற பெண்ணோடு ஃபைசலும் உட்கார்ந்து வருகிறார். காலையில் கம்பெனி மேனேஜர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு குணசுந்தரியிடம் வந்தார். மேடையிலிருந்து பார்த்தால் நேராக பிளாக் தெரிகிறது, கேமராவில் பாவாடையும் உள்ளாடையுமாகத் தெரிகிறது, இன்றைக்கு ஒருநாள் மட்டும் துணியெல்லாம் உள்ளே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். குணசுந்தரிக்கு முகம் சுருங்கிப் போனது. ஆற்றோரத்தில் இருந்தபோதும் மந்திரி வந்தால் இப்படித்தான்; துணியை எடு, கோழியை மூடு, பிள்ளைகளுக்குச் சட்டை போடு. அவர்களுக்குப் பழக்கமான அவமானம் அது, பழக்கமானதால் ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"மானத்த வாங்காதீங்கடி, எடுங்க," என்று மாடி மாடியாகச் சத்தம் போட்டாள். எடுத்தார்கள். புடவை, லுங்கி, போர்வை, தலையணை உறை, எல்லாவற்றையும் எடுத்தார்கள், ஒருநாள்தானே என்று ஏழுமலைக்குப் போட்ட பழைய லுங்கிகளைக்கூட எடுத்தார்கள். லோகநாயகி வேலைக்குப் போயிருந்தாள். சங்கவிதான் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள், அவள்தான் அம்மா போட்டிருந்த ஈரப் போர்வையை எடுத்து உள்ளே வீசினாள். பளிச்சென்று இருந்தது பிளாக். கட்டினபோது எப்படி இருந்ததோ அப்படி, ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

ஃபைசல் அத்தனை மாசம் அளந்தது துணிகள் அடக்கி வைத்திருந்த காற்றை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. துணி தொங்குகிற வீடு என்பது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

மத்தியானம் கடல்காற்று எழுந்தது. மூன்று வருஷமாகத் தடவித் தடவிப் போன சுவர் மொட்டையாக நிற்பதைப் பார்த்து அது ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது, அப்புறம் சன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நடுங்கின. மேலே ஏர் டாக்ஸி வந்தது, வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது, கீழே பாண்டு வாத்தியம் அடித்தார்கள். மேடைக்கு ஒரு பனைமர உயரம் இருக்கும்போது அது பக்கவாட்டில் நழுவியது, மூக்கு தாழ்ந்தது, யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி சந்துக்குள் இறங்கியது, இறங்கிச் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்றில் ஏழுமலை, அவருக்குப் பின்னால் வாளி, வாளிக்குப் பின்னால் எட்டு றெக்கை வண்டி, உள்ளே ஃபைசலின் முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு. பிளாக்கின் ஒன்பதாவது மாடிச் சன்னலைக் கடக்கும்போது ஃபைசல் சங்கவியைப் பார்த்தார். வாய் அசைந்தது. என்ன சொன்னாரோ. பாண்டு வாத்தியம் நின்றுபோனது.

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதே சன்னலில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"துணியப் போடுங்க!" என்று கத்தினாள். படியில் ஓடினாள், கதவு கதவாக உதைத்தாள். "குணக்கா! துணியப் போடு! எல்லாத்தையும் போடு!"

"மந்திரி கீறாருடி!"

"மந்திரிய மடிச்சி பீரோல வையி! துணியப் போடுக்கா!"

போட்டார்கள். ஈரம் காய்ந்தது பார்க்கவில்லை, எடுத்ததையெல்லாம் போட்டார்கள், பத்தாமல் பாயைக் கட்டினார்கள், கட்சி பேனரைக் கட்டினார்கள், கொசுவலையைக் கட்டினார்கள், பதினாலாவது மாடியில் ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை உறையிலிருந்து பிரித்துப் போட்டாள், பிளாக் முழுவதும் ஒரே துணிச்சுவராகப் பொங்கி நின்றது. காற்று துணிக்குள் போனது, போனது திரும்பி வரவில்லை. வண்டி இன்னும் ஒரு சுற்று, அரைச் சுற்று வந்து, றெக்கைகள் அழுதபடி, மெதுவாக நேராகிக் கீழே பிளாக் வாசலில் பைக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. ஜனங்கள் கத்தினார்கள். கத்தினது பாதியில் நின்றது.

ஏழுமலை இந்தப் பக்கம் வந்திருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணாடிக் கட்டிடத்தை விட்டுவிட்டு, துணிகளை விலக்கிக்கொண்டு, தன் வீட்டுச் சன்னலுக்கு எதிரே வந்து அசையாமல் நின்றார்.

சங்கவி மூச்சிரைக்க உள்ளே வந்தபோது அம்மா அங்கே இருந்தாள். வேலையிலிருந்து ஓடிவந்த வேர்வையோடு, சன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். "உள்ள வாய்யா," என்றாள். "இம்மா தூரம் வந்துட்ட. உள்ள வா." அவர் வரவில்லை. கண்ணாடியில் பிளாக் கட்டினபோது தெறித்த பெயிண்ட் ஒரு புள்ளி ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பானால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். அப்புறம் காத்திருந்தார். அவர் பார்த்தது லோகநாயகியின் முகத்தை இல்லை. சங்கவியின் முகத்தையும் இல்லை. அவர்களுடைய கையை.

சங்கவிக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு இந்தச் சன்னலிலிருந்து அவளே பார்த்ததுதான்: கண்ணாடிக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில் ஏதோ மீட்டிங் நடந்தது, கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டியவனை வெளியே அனுப்பிவிட்டார்கள், அப்பா துடைத்து முடித்துக் காத்திருந்தார், கயிறு போனது, காற்று வந்தது, யாரும் தட்டவில்லை. தட்டாமல் இறங்கக்கூடாது. அவர் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

"அம்மா, தட்டணும்," என்றாள். "ரெண்டு தட்டு. தட்டினா எறங்கிடுவாரு."

சொல்லிவிட்டாள், கை எழவில்லை. எறங்கட்டும் எறங்கட்டும் என்று வீடெல்லாம் கத்தின பெண், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

லோகநாயகி கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போனாள். ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியில் இந்தப் பக்கத்துத் தூசியைத் துடைத்தாள், வளையல் கையை உயர்த்தி, ரெண்டு தட்டு தட்டினாள்.

"பாத்துட்டேன்," என்றாள். "எறங்கு."

ஏழுமலை தலையை ஆட்டிவிட்டு ஒரு மாடி இறங்கினார்.

எட்டாவது மாடியில் குணசுந்தரி சன்னலில் நின்றுகொண்டிருந்தாள். மேலே தட்டினது அவளுக்குக் கேட்டிருந்தது. அவர் அவள் வீட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், அவள் தட்டினாள். ஏழாவது மாடியில் தட்டினார்கள். ஆறாவதில் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தட்ட வைத்தார்கள், அந்த நிழலைத் தவிர அவரைத் தெரியாத குழந்தை. ஐந்தில், நாலில், மூன்றில், அத்தனை நாள் அவருக்காகத் துணி போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தட்டினார்கள், அவர் ஒவ்வொரு சன்னலாகத் துடைத்துக்கொடுத்துவிட்டு இறங்கினார், சங்கவி படியில் இறங்கி ஓடினாள், ஒவ்வொரு மாடியிலும் அந்த ரெண்டு தட்டு அவளுக்கு ஒரு படி முன்னால் கேட்டுக்கொண்டே போனது.

தரைத்தளத்தில் வீடு கிடையாது. வெறும் தூண்கள், பைக்குகள். ஏழுமலை முதல் மாடியைத் துடைத்து முடித்து, தட்டு வாங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுவிட்டார். தட்ட அங்கே கண்ணாடியே இல்லை. கூட்டம் விலகி நின்றது. கிட்டத்தில் பார்த்தால் அவர் தாடி வளரவில்லை, சட்டை வெளுக்கவில்லை, வாளியில் நுரை அப்படியே இருந்தது.

ஏர் டாக்ஸி அவருக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஃபைசலும் ஓட்டின பெண்ணும் இன்னும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதன் மூடி முழுவதும் கண்ணாடி. ஏழுமலை குனிந்து அதைத் துடைத்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மிச்சம் வைக்காமல். ஃபைசல் உள்ளேயிருந்து தட்டக் கையைத் தூக்கினார். பிறகு சங்கவியைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார்.

சங்கவி கிட்டே போனாள். இப்போது அவள்தான். விரல் முட்டியால் அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினாள். ஒன்றோடு நின்றது கை. அவர் காத்திருந்தார், அவள் பாடம் எழுதும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு பொறுமையாக. இன்னொரு தட்டு தட்டினாள்.

"பாத்துட்டேம்ப்பா. எறங்கு."

பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு காலை வைத்தார், அப்புறம் இன்னொரு காலை வைத்தார், முட்டி மடங்கியது, சங்கவியின் மேல் சாய்ந்தார். அறுபது கிலோ. குறையவே இல்லை.

காரியம் எல்லாம் முறைப்படி நடந்தது. லோகநாயகி இப்போது கல்யாண வீட்டுக்குப் போனால் பின்வரிசையில் உட்காருகிறாள், யாராவது முன்னால் கூப்பிட்டால் முறைக்கிறாள். ஏர் டாக்ஸி ஓடுகிறது. மத்தியானம் பிளாக்கில் துணி போட்டு முடிகிறவரை வானத்திலேயே நிற்கும், அப்புறம்தான் மேடைக்கு வரும். எந்த மந்திரிக்காகவும் யாரும் துணியை எடுப்பதில்லை. ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மேடையில் ஒரு ஆள் நின்று கண்ணாடியில் ரெண்டு தட்டு தட்டினால்தான் கதவைத் திறந்து இறங்குவார்கள். ஃபைசல் கம்பெனிக்குச் சொல்லிப் பார்த்தார், இதெல்லாம் தேவையில்லை என்றார்களாம். ஓட்டுகிறவர்கள் கேட்கவில்லை.

ஏழுமலையின் நிழல் மட்டும் இறங்கவில்லை. மாலை வெயில் சந்துக்குள் நுழைந்ததும் அது வருகிறது, பலகையும் வாளியுமாக, சந்தில் ஆளே இல்லாமல், ஒவ்வொரு சன்னலாகக் கடந்து ஒன்பதாவது மாடிக்கு வருகிறது, அங்கே வந்து கொஞ்ச நேரம் நிற்கிறது. சங்கவி அந்த நேரத்துக்குச் சன்னலடியில் தரையில் உட்கார்ந்து, தனியாகப் பரீட்சை எழுதுவதற்காக வாங்கின புத்தகத்தைப் பிரித்து வைத்து எழுதுகிறாள். ஒரு வரி முடிந்ததும் தானே ரெண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த வரிக்கு இறங்குகிறாள்.

தரையில்தான் தட்டுகிறாள். நிழல் வந்து நிற்கிற கண்ணாடி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. அதில் தட்டுவதில்லை.